ஜாக்லினுக்குப் பொன்னாடை

மலேசியாவின் லாபிஸ் நகர மண்டபத்து மேடையில், அடிபட்ட மனைவிமார்க்கு ரகசியப் புகலிடம் திறந்த தம் பெருமையை, அரசுப் பட்டம் பெற்ற டத்தோ சபாபதி முழங்கிக்கொண்டிருக்கிறார். அதன் முகவரி பின்னால் ஊதாப் பதாகையில் கொட்டை எழுத்தில் மின்னுகிறது. பக்கத்தில் நிற்கும் ஜாக்லினின் கன்னக் காயமும் அதே நிறம். கணவன் ரபேலிடமிருந்து தப்பி வந்து இன்னும் வாரம்கூட ஆகவில்லை. எதிரே கைப்பேசியில் நேரலை ஓடுகிறது. "வேணாம் டத்தோ, என் புருஷன் பாத்தா தேடி வந்துருவான்" என்கிறாள் மெல்ல. "இங்க யாரும்மா வருவா? சிரி லா!" சரிகைப் பொன்னாடை அவள் தோளில் விழுகிறது, கைதட்டல் கூரையை முட்டுகிறது. அவள் அதையே இழுத்து முக்காடிட்டு முகத்தை மறைக்கிறாள். "முகத்தக் காட்டும்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டே புன்னகைக்கும் டத்தோ, கைப்பேசியை எட்டிப் பார்த்துப் பூரிக்கிறார். "பாரு, வாழ்த்து குவியுது! யாரோ ரபேலாம், கெளம்பிட்டாராம், நேர்லயே வராராம்!"