நகராத பொருள் இரண்டு

“இந்த மாவட்டத்துல நகராத பொருள் ரெண்டுதான். ஒண்ணு மலை. இன்னொண்ணு நான்.”

வேங்கிக்கால் ரைஸ் மில் முதலாளி கண்ணாயிரம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. வீட்டு கேட்டில் மூன்றாவது பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார். குரங்குத் தொல்லை ஜாஸ்தியாகிவிட்டதாம்.

“குரங்கு என்னா கேட்டைத் தொறந்துகினா வரும்?” என்றாள் மனைவி ரேணுகாம்பாள்.

“இப்பல்லாம் வருது.”

சாயங்காலம் ஆறு மணிக்கு மகன் இளஞ்செழியன் வீடியோ காலில் வந்தான். அமெரிக்காவில், சான் அன்டோனியோ நகரத்துக்கு வெளியே புதுசாக முளைத்த குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“பா, விசா ஃபாரம் ஃபில் பண்ணி வச்சிருக்கேன். அம்மா பாஸ்போர்ட் நம்பர் வந்துடுச்சி. உங்களோடதுதான் பாக்கி. எத்தினி வாட்டி கேக்கறது?”

“நிலத்தை யார் கையிலடா குடுத்துட்டு வர்றது?”

நிலம் என்றால் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி நாற்பது சென்ட். அதில் ரிசார்ட் கட்ட வேண்டுமென்று வெளியூர் பார்ட்டி ஒன்று ஆறு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் கும்பிட்டுக் கேட்டார்கள். அப்புறம் கும்பிடாமல் கேட்டார்கள். கண்ணாயிரம் இரண்டு தடவையும் மாட்டேன் என்றுவிட்டார்.

“அவங்க சும்மா வுட மாட்டாங்கபா. எனக்கு இங்க தூக்கமே வர்ல. மிரட்டுறாங்களா?”

“என்னையா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாயிரம் மீசையைத் தடவினார். மீசை இருந்த இடத்தில் இருந்தது.

அப்போது மகனுக்குப் பின்னால் ஒருவர் கையில் பாத்திரத்தோடு வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

“யார்டா அது?”

“பக்கத்து வீட்டு ரொஹேலியோ. மெக்சிகோக்காரர். எங்க தெருவுல இப்ப பாதி அவங்கதான், எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க. இவருக்கு அவங்க ஊர்ல நாலு டைல்ஸ் ஃபேக்டரி. வந்த வாரமே வீட்டை வாங்கிட்டாரு.”

முதலாளியை முதலாளி பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. கண்ணாயிரம் அப்படிப் பார்த்தார். “கையில என்னா?”

“கொழுக்கட்டை மாதிரிபா. சோள மாவைத் தோகையில சுத்தி அவிப்பாங்க. சனிக்கிழமையானா எங்களுக்குக் குடுத்துட்டுத்தான் அவங்க சாப்புடுவாங்க.”

“நாலு ஃபேக்டரி வச்சிகினு இருந்தவன், கொழுக்கட்டை தூக்கினு நிக்கிறான் பாரு. எதுக்கு ஊரை வுட்டு வந்தானாம்? கேளு.”

இளஞ்செழியன் தயங்கித்தான் கேட்டான். அவர் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பாத்திரத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“ஒரு போன் வந்துச்சாம்பா. இவரு பொண்ணு எந்த ஸ்டாப்புல ஸ்கூல் வேன் ஏறுது, எத்தினி மணிக்கு ஏறுது, அன்னிக்கு என்ன கலர் பை மாட்டியிருந்துது, எல்லாத்தையும் கரெக்டா சொன்னானாம். சொல்லிட்டு வச்சிட்டானாம். மிரட்டக்கூட இல்லியாம்.”

கண்ணாயிரம் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

“ஒரு போனுக்கா? ஐந்நூறு பேருக்குச் சம்பளம் குடுத்தவன் ஒத்த போனுக்கு ஓடியாந்துட்டானா? நானா இருந்தா அதே ஸ்டாப்புல சேர் போட்டு உக்காந்திருப்பேன்!”

“பா, மெதுவா. பக்கத்துலயே நிக்கிறாரு.”

“அவனுக்கு என்னா தமிழ் தெரியுமா?”

“நானும் ஊரை வுட்டு வந்தவன்தான்.”

“நீ வேலைக்குப் போன. அவன் பயந்து போனான். ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றும் புரியாத ரொஹேலியோ கேமராவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

ரேணுகாம்பாள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “நீயாவது எடுத்துச் சொல்லுடா. இவரு சரியே இல்ல. போன பௌர்ணமிக்கு கிரிவலம்கூட போவல. இருவத்திரெண்டு வருஷத்துல இதான் மொதல் தடவ. கேட்டா முட்டி வலின்றாரு.”

“வலின்னா வலிதான். போய் காப்பி போடு, போ.”

அவள் போனைக் கொடுத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறவரை கண்ணாயிரம் காத்திருந்தார். அப்புறம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மொட்டை மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து நின்றார். எதிரே மலை நகராமல் இருந்தது.

“பா? லைன்ல இருக்கீங்களா? என்ன ஒரே இருட்டா தெரியுது?”

கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, முதல் பக்கத்தை விரித்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார்.

“நம்பரை எழுதிக்க. அம்மாகிட்ட இப்ப எதுவும் சொல்லாத.”

இளஞ்செழியன் எழுதிக்கொண்டான். கண்ணாயிரம் பாஸ்போர்ட்டை மறுபடியும் பைக்குள் வைத்தார்.

“அவரு போயிட்டாரா?”

“யாரு, ரொஹேலியோவா? இங்கதான் நிக்கிறாரு.”

கண்ணாயிரம் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த போன் வந்தப்புறம் அவரை எத்தினி நாள் சும்மா வுட்டு வச்சாங்கன்னு கேளுப்பா.”