கோபக்காரப் பிள்ளை

“இவள யாரு உள்ள விட்டது? வெளிய போகச் சொல்லுங்க.”

பிரசவ வலியிலும் அண்ணியின் குரல் குறையவில்லை. நாத்தனாரும் நகரவில்லை.

எந்த இதயமும் கடிகாரம் மாதிரி அடிப்பதில்லை. அந்த ஏறுமாறான துடிப்பில் தாயும் வயிற்றுப் பிள்ளையும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்குப் போடுவது நாத்தனாரின் ஆராய்ச்சி. அண்ணி அதற்குச் சம்மதித்துக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஆராய்ச்சி செய்வது யார் என்பதை மட்டும் அண்ணன் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஆகாது. ஒருத்தி இருக்கும் அறையில் இன்னொருத்தி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

பிள்ளையின் துடிப்பைப் பிடிக்க வயிற்றில் கட்டிய பெல்ட்டைச் சரிசெய்ய நாத்தனார் கை நீட்டினாள். அண்ணி அதைத் தட்டிவிட்டாள். மானிட்டரில் பிள்ளையின் துடிப்பு எகிறியது.

நாத்தனார் லேப்டாப் இருந்த மூலைக்குப் போனதும் இறங்கியது. அங்கிருந்து லேசாக இருமினாள். மறுபடி ஏறியது.

“பிள்ளைக்கே உங்களப் புடிக்கல போல” என்று நர்ஸ் சிரித்தாள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு அத்தை மேல் என்ன கோபம்? கோபமெல்லாம் அம்மாவுக்குத்தான்.

கட்டிலருகே வந்து குனிந்தாள்.

“அண்ணனுக்கு உங்களப் புடிக்கவே இல்ல அண்ணி. அம்மா அழுததாலதான் கட்டிக்கிட்டான்.”

மானிட்டரில் எண் தாறுமாறாக ஏறியது.

“டாக்டர்! இது அம்மாவோட துடிப்பு. பிள்ளையோடது இல்ல!” என்று நாத்தனார் கத்தினாள்.

பெல்ட்டை நகர்த்தித் தேடினார்கள். பிள்ளையின் துடிப்பு அடிவயிற்றில் கிடைத்தது. மானிட்டர் இதுவரை காட்டியதில் பாதிகூட இல்லை. கட்டிலோடு ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

பிள்ளை அழுதது. பெண்.

வேண்டுமென்றே கோபப்படுத்திப் பார்த்தது நல்ல யோசனை என்று டாக்டர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அண்ணன் கண் கலங்கித் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது என்று மனைவியிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னான்.

நாத்தனார் தலையாட்டிவிட்டு லேப்டாப்பை எடுக்கப் பிரசவ அறைக்குத் திரும்பி வந்தாள்.

திரையில் தாயின் கோடும் பிள்ளையின் கோடும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. இரண்டு இதயங்கள் ஒருநாளும் அப்படித் துடிக்காது. கோடுகளுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை: இரண்டும் தாயின் துடிப்பே. அது நர்ஸ் சிரிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

அதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் அவள் கட்டிலருகே போனாள்.