தத்துவம் படிக்கப் போகிறவன்

"அமெரிக்காவில போய் என்னத்தைப் படிக்கப் போறாய்?"

தம்பிமுத்து சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். மகன் ஞானசேகரம் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"தத்துவம், அப்பா."

"ஆருடைய தத்துவம்?"

"அமெரிக்கக்காரங்கட தத்துவம்."

 தம்பிமுத்து மலேசியாவில் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஓய்வு பெற்று ஈப்போவுக்குக் குடிவந்தவர். வெள்ளைக்காரத் துரைமாரோடு பழகியதால் எதையும் விசாரிக்காமல் தள்ளிவிட மாட்டார்.

"கார் செய்யிறான். சந்திரனுக்கு ஆள் அனுப்பிப்போட்டான். அதெல்லாம் சரி. அவனுக்குத் தத்துவமும் இருக்கோ?"

"இருக்கு, அப்பா."

"தத்துவம்தான் வேணுமெண்டால் எங்கட சைவ சித்தாந்தம் கிடக்கு. முப்பத்தாறு தத்துவம். காணாதோ?"

"அதுவும் வேணும். இதுவும் வேணும்."

"அப்பிடி அவன் என்னதான் சொல்லுறான்?"

ஞானசேகரம் முடிந்தவரை எளிமையாகச் சொன்னான். "ஒரு எண்ணம் சரியோ பிழையோ எண்டு சும்மா இருந்து தர்க்கம் பண்ணிக் கண்டுபிடிக்கேலாது. அதை நம்பி நடந்து பார்க்கோணும். நடந்தால்தான் அது உண்மையோ எண்டு தெரியும். அப்பிடிச் சொல்லுற ஆக்கள் அங்க இருக்கினம்."

"நடந்து பார்த்தால்தான் தெரியுமெண்டால் பள்ளிக்கூடத்துக்கு ஏன் போவான்?"

ஞானசேகரத்துக்குச் சிரிப்பு வந்தது. "அதைத்தான் அவங்களும் யோசிக்கிறாங்கள்."

"யோசிக்கட்டும். இதைப் படிச்சுப்போட்டு வந்தால் இஞ்ச ஆர் வேலை தருவினம்? தெலுக் ஆன்சன் பள்ளிக்கூடத்தில வாத்தியார் வேலை கிடக்கு. ஹெட்மாஸ்டர் என்ர கூட்டாளி. இல்லையெண்டால் லோயருக்குப் படி. எங்கட ஆக்களில ஒருத்தன் கோர்ட்டில எழும்பி நிண்டால் அது ஒரு மரியாதை."

"எனக்கு அதில மனம் இல்லை, அப்பா."

"மனமோ?" தம்பிமுத்துவின் குரல் உயர்ந்தது. "நாடு கிடக்கிற கிடை தெரியாதோ? கலவரத்துக்குப் போட்ட கர்ஃபியூ எடுத்து ஒரு வருஷம் ஆகேல்லை. இந்த நேரத்தில வீட்டை விட்டுப்போட்டுப் போறவன் மனிசனோ? தவமணிக்கு ஆர் மாப்பிள்ளை பாக்கிறது? நீ போறேல்லை. அவ்வளவுதான்."

தேநீர் கொண்டு வந்த தங்கை தவமணி, தன் பெயர் அடிபட்டதைக் கேட்டும் கேளாதவள்போலக் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஞானசேகரமும் எழுந்து அவள் பின்னால் அடுப்படிக்குப் போனான்.

"ஏன் அண்ணா அவரோட மல்லுக்கட்டுறீங்கள்?" என்றாள் தவமணி, குரலைத் தணித்து. "'நான் போகேல்லை, அப்பா' எண்டு ஒரு சொல் சொன்னால் முடிஞ்சுது லா. நிம்மதியாச் சாப்பிடுவார். நிம்மதியாப் படுப்பார்."

"தெரியும்."

"பிறகென்ன? நல்ல பலன் தந்தால் அதுதான் உண்மை எண்டு உங்கட அமெரிக்கக்காரர் சொல்லுறவையெல்லோ?"

அவள் மடக்கிய விதம் அவனுக்குப் பிடித்திருந்தது. 

"அப்பிடிச் சொன்னால் அவருக்கு நிம்மதிதான், தவம். ஆனால் அவர் வாயால 'போ' எண்டு ஒருக்காக் கேக்கோணும் போல இருக்கு எனக்கு."

"அவர் சொல்ல மாட்டார்."

"சொல்லாட்டிப் பரவாயில்லை."

அவன் திரும்பி வந்தபோது தம்பிமுத்து தேநீரைப் பாதி குடித்திருந்தார். கோபம் இறங்கியிருந்தது.

"ஞானம்."

"ஓம், அப்பா."

"ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லு."

"கேளுங்கோ."

"உந்தத் தூர தேசத்துக்குப் போன பொடியள் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படேல்லை. பாரிட் புந்தார் ஸ்டேஷன் மாஸ்டர்ர மகன் போனவன், ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கயே நிண்டிட்டான். நீ திரும்பி வருவியோ?"

இந்தக் கேள்வியை அப்பா இதற்கு முன் கேட்டதே இல்லை. வேலை, மரியாதை, தங்கையின் கல்யாணம் என்றுதான் பேச்சு சுற்றிச் சுற்றி வந்து நிற்கும். அவற்றுக்கெல்லாம் அவன் பதில் தேடித் தேடி அலுத்திருந்தான். இதற்குத் தேட வேண்டியிருக்கவில்லை.

"வருவன், அப்பா."

"என்னைச் சமாளிக்கிறதுக்குச் சொல்லுறியோ?"

"இல்லை. கொஞ்சம் சுணங்கும். ஆனால் கட்டாயம் வருவன். வந்து உங்களோடதான் இருப்பன்."

தம்பிமுத்து மகனின் முகத்தையே உற்றுப் பார்த்தார். தோட்டத்தில் வேலைக்கு வராமல் நின்றவன் சொல்லும் காரணம் மெய்யா பொய்யா என்று அந்தக் காலத்தில் அவர் இப்படித்தான் முகத்தைப் பார்த்தே தீர்மானிப்பார்.

"அப்ப போயிட்டு வா," என்றார். "போய்ச் சேர்ந்த உடனே கடிதம் போடு."

"போடுறன், அப்பா."

அவர் கண்களை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தவமணி மெதுவாகச் சொன்னாள்:

"நாளைக்கு இதையும் மறந்திடுவார், அண்ணா."

"தெரியும்."

பதினேழு வருடங்களுக்கு முன் சம்மதம் கிடைக்காமலே விமானம் ஏறி, அமெரிக்காவில் அந்தத் தத்துவத்துக்கே பேராசிரியராகி, அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று அறிந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டு, கடந்த தீபாவளிக்கு ஈப்போ வந்து சேர்ந்திருந்தான் ஞானசேகரம். அன்று முதல் மாலை தவறாமல், அந்தப் பழைய நாளிலேயே நின்றுகொண்டு அவனை மறித்துக்கொண்டிருந்த அப்பா, இன்றுதான் அவனை அனுப்பி வைத்தார்.