அழித்த படங்கள்

சிக்னல் கேமராவில் சிக்கியவர்களின் படங்களைப் பார்த்து அபராதம் அனுப்புவது அவள் வேலை. கணவன் சிக்கினால் மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிடுவாள்.

“அக்கா, இன்னிக்கும் உங்க வீட்டுக்காரர் தலையில ஹெல்மெட் இல்ல,” என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து மேஜைக்காரி. “பாலம் சிக்னல், ஒன்பது பத்து.”

“சொன்னா எங்க கேக்கறார்? அதான் நீ இருக்கியேன்னு சிரிக்கிறார்.”

அழித்தாள்.

அடுத்ததும் அவன்தான். சந்தை சிக்னல், ஒன்பதே கால்.

“நம்ம ஆபீஸுக்கா வர்றார்?”

“வரட்டும், இருக்கு இன்னிக்கு!”

அதையும் அழித்தாள்.

செல்போன் அடித்தது. அவன் நம்பர்.

“வண்டி ஓட்டிக்கிட்டே போன் வேறயா?”

“அம்மா, நான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன்,” என்றது வேறொரு குரல். “இந்த போனுக்குச் சொந்தக்காரர் பைக்கிலேருந்து விழுந்துட்டார். தலையில அடி. எட்டரைக்கே உயிர் போயிடுச்சும்மா.”

“இல்லையே... இப்பதானே பார்த்தேன்...”

திரையில் அடுத்த படம் வந்தது. ஆபீஸ் வாசல், ஒன்பது இருபது. அவன் பைக் நின்றிருந்தது. அதன்மேல் ஆள் இல்லை.

பக்கத்து மேஜைக்காரி, அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தபடி மெல்ல எழுந்தாள்.

“இதையும் அழிச்சிடு,” என்றது பழகிய குரல்.