வாசனை வராத குடும்பம்

"உண்மையைச் சொல்லுங்கக்கா, வீடு எப்படி இருக்கு?" என்று பிரீத்தி கேட்டாள்.

"ம், பரவால்ல. கூரைதான் மாட்டுக் கொட்டகை மாதிரி மடங்கி நிக்குது," என்றாள் நாகமணி.

அந்தத் தெரு முழுக்கக் கூரை அப்படித்தான். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு டச்சுக்காரக் குடும்பங்கள் வரிசையாகக் கட்டிக்கொண்ட வீடுகள். வாசலில் டியூலிப், ஜன்னலில் வெள்ளை லேஸ், சீப்பு வைத்து வாரியது போலப் புல்தரை. நியூ ஜெர்சிக்கு வந்த நாளிலிருந்து நாகமணி மனதுக்குள் குடியிருந்த வீடு இதுதான். அதைப் போய் பிரீத்தி வாங்குவதா?

நாகமணி வந்து ஆறு வருடமாகிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மென்டில் பக்கத்து வீட்டுக்காரியான பிரீத்தி நேற்று வந்தவள். லாண்டிரி மெஷினில் காசு போடுவதிலிருந்து பனியில் கார் ஓட்டுவது வரை எல்லாம் நாகமணி சொல்லிக்கொடுத்தது. அக்கா அக்கா என்று பின்னாலேயே திரிந்தவள், இன்று தான் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நாகமணிக்குப் பொறாமைதான், வேறு பெயர் வைக்க முடியாது.

அன்று சாயங்காலமே கணவர் செல்வராஜைப் பிடித்து உலுக்கினாள். கிரீன் கார்டு வரட்டும் என்று அவர் வழக்கம்போல இழுத்தார்.

"கிரீன் கார்டு வர்றதுக்குள்ள அவ கிரகப்பிரவேசமே பண்ணிடுவா. நாமளும் அந்த வீட்டுக்கு ஒரு விலை சொல்லி ஆஃபர் குடுக்கறோம்," என்றாள்.

கொடுத்தார்கள். பிரீத்தியிடம் மூச்சு விடவில்லை.

வீட்டின் சொந்தக்காரர் மிசஸ் விசர், கணவரை இழந்த வயதான டச்சுக்கார அம்மாள். இரண்டு தெரு தள்ளி முதியோர் குடியிருப்புக்குப் போகப்போகிறார். ஏஜென்ட் வைக்காமல் வீட்டைத் தானே விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு ஆஃபரும் தனக்குச் சம்மதம்தான், யார் குடியிருந்தால் மனதுக்கு நன்றாக இருக்கும் என்று யோசித்து ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றார்.

நாகமணிக்கு அது போதுமாக இருந்தது. சனிக்கிழமை ஒரு கேக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். காபி வந்தது. குளிரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு, சொல்ல மனமில்லாதவள் போல ஆரம்பித்தாள். பிரீத்தி நல்ல பெண்தான், ஆனால் அவர்கள் வீட்டில் கருவாடு சமைப்பார்கள்.

அப்படியென்றால் என்ன என்று மிசஸ் விசர் கேட்டார். உப்புப் போட்டு வெயிலில் காயவைத்த மீன் என்றாள் நாகமணி. அந்த அம்மாள் கையிலிருந்த கப் பாதி வழியில் நின்றது.

எண்ணெயில் வறுப்பார்களா என்று கேட்டார். வறுப்பார்கள், புளியும் மிளகாயும் போட்டுக் குழம்பும் வைப்பார்கள் என்றாள். வாசனை வருமா என்று கேட்டார். நாகமணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அடுப்பில் வைத்தால் தெருமுனை வரைக்கும் போகும், திரைச்சீலை, சோபா, குளிர்காலக் கோட்டு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும், ஜன்னலைத் திறந்துவைத்தாலும் லேசில் போகாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். மிசஸ் விசர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"உங்கள் வீட்டில் எப்படி?" என்று கேட்டார்.

"நாங்கள் சுத்த சைவம். எங்கள் சமையலில் வாசனையே வராது."

"அப்படியா," என்றார் மிசஸ் விசர்.

காரில் ஏறும்போது நாகமணிக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. வண்டி மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் அது சரியாகிவிட்டது. மாடியில் எந்த அறையைப் பூஜை அறையாக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பிரீத்தி. உள்ளே வந்ததும் நாகமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வீடு எங்களுக்குக் கிடைச்சிடுச்சுக்கா. எல்லாம் உங்களாலதான். நேத்து எங்களுக்காக நீங்க போய்ப் பேசினீங்களாமே. இன்னொரு ஆஃபர் யாருதுன்னு மட்டும் அவங்க சொல்லலை."

பிரீத்தியே எல்லாவற்றையும் சொன்னாள். மிசஸ் விசர் பிறந்து வளர்ந்தது ஹாலந்தில் இல்லை, அப்போது டச்சுக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்த ஜாவாவில். சின்ன வயதில் தினமும் சோறும் வறுத்த கருவாடும்தான். யுத்தத்துக்குப் பிறகு ஊரை விட்டே கிளம்பவேண்டியதாகி, அமெரிக்கா வந்து கல்யாணம் செய்துகொண்டு, ஆசைப்பட்டு ஒரே ஒரு நாள் கருவாடு வறுத்திருக்கிறார். தெருவே திரண்டு வந்து சண்டை போட்டிருக்கிறது. அன்றிலிருந்து அந்த வாசனைக்கு ஏங்கிக்கொண்டிருந்தாராம். தன் சமையலறையில் அது திரும்ப வரட்டும் என்றுதான் வீட்டை இவர்களுக்குக் கொடுத்தாராம்.

"அவங்களுக்குக் கருவாடுன்னா உயிர்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்ட பிரீத்தி, பதிலுக்குக் காத்திருக்காமல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வாரம் ஒரு நாள் சாப்பிட வருவேன்னு சொல்லியிருக்காங்க. எங்க வீட்ல முட்டைகூடக் கிடையாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, சரின்னுட்டேன். உங்க வீட்ல வாராவாரம் கருவாட்டுக் குழம்பு வைப்பீங்கல்ல, அதுல ஒரு கிண்ணம் குடுத்தா போதுங்கக்கா."