விலகிய காரணம்

அடி அண்ணாமலை கிராமத்து வீட்டின் முன்னறையில் அன்று காலை இருந்தவர்கள் மூன்று பேர்: பெரியவர் ஆதிமூலம், அவர் மருமகள் ரேவதி, பங்காளி தசரதன். தாங்களும் இருந்ததாகப் பிறகு சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

நூற்று நாற்பது பங்காளிக் குடும்பங்களின் வம்சாவளி ரேவதியின் கம்ப்யூட்டரில், பெட்டி பெட்டியாக நிரப்பும் படிவத்தோடு, ஒரே ஃபைலாக இருந்தது. போட்டோக்களோடு ஒன்றரை ஜிபி. மறுநாள் பௌர்ணமிக்குக் கூடும் பங்காளிகளுக்கு அதைக் கம்பைல் செய்து, முடிந்த வடிவமாக்கிப் பூட்டி, பென் டிரைவில் தர வேண்டும்.

கம்பைல் ஆகவில்லை. நான்காவது முறையும் நிரலின் ஒரு வரியில் பிழை என்று நின்றது.

"பூட்டிட்டா அப்புறம் எவனும் பெட்டிங்கள மாத்த முடியாதுல்ல?" என்றார் ஆதிமூலம். நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"முடியாது மாமா. முதல்ல பூட்டணுமே!"

ஃபைல் பெருத்துவிட்டதோ என்று சுருக்கிப் பார்த்தாள். புது ஃபைலில் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தாள். அதே வரி, அதே பிழை.

"எழுத்து தெரியல, பெட்டிய அகலமாக்கக் கத்துக் குடுன்னு அண்ணன் ஒரு வாரமா உன் உயிர வாங்கினாரே, அதுல வந்த வெனையா இருக்கும்" என்று தசரதன் சிரித்தார்.

ரேவதி சிரிக்கவில்லை. திரையில் நின்ற வரியை இன்னொரு முறை படித்தாள். "இந்த வரி ஒரு பெட்டியக் கூப்பிடுது. அது படிவத்துல இல்ல. யாரோ எடுத்திருக்காங்க."

"எந்தப் பெட்டி?"

"விலகிய காரணம்."

தசரதனின் சிரிப்பு நின்றது. வம்சத்தை விட்டு விலகியவர்கள் எதனால் விலகினார்கள் என்று காட்டும் பெட்டி அது. கல்யாணம், தத்து, மரணம், ஓடிப்போனவர். நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வகுத்தவர் தசரதன்.

"பெட்டி போனாலும் பதிவு உள்ள அப்படியேதான் இருக்கு" என்று ரேவதி பெட்டியைத் திரும்ப வைத்தாள். ஆதிமூலத்தின் குடும்பப் பக்கம் திறந்தது. அவர் தங்கை உண்ணாமலையின் பெயருக்கு எதிரே, 'ஓடிப்போனவர்'. முப்பத்தெட்டு வருஷமாக ஊர் சொல்வதும் அதுதான்.

தசரதன் ரேவதியை மேலும் கீழும் பார்த்தார். "புகுந்த வீட்டு அசிங்கத்த மறைக்கக் கை வெச்சியா? பாஸ்வேர்டு உன்கிட்டதான இருக்கு?"

"நான் எடுக்கல சின்ன மாமா."

"அப்ப பேய் வந்து எடுத்துச்சா? நாளைக்கு எல்லார் எதிர்லயும் கேக்கறேன். வம்சத்துல திருட்டுத்தனம் பண்றவ கையில இனிமே இந்த ஃபைல் இருக்கக்கூடாது."

ரேவதியின் கை மவுஸை விட்டு விலகியது. இரண்டு வருஷ உழைப்பு. நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள்.

ஆதிமூலம் எழுந்தார். "எடுத்தவன் நான்."

"அண்ணே! மானத்துக்காக நீங்களே இப்படி..."

"மானத்துக்காக இல்லடா. நீ வெச்ச நாலு காரணத்துல உண்மை இல்ல."

திரையில் இருந்த பெயரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"உண்ணாமலை ஓடிப்போகல. நான்தான் தொரத்துனேன்."