மருதாணிக் கை

வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியே போதும் என்றிருந்த சுகந்தி, வெளியூர்க் கல்லூரியின் விடுதியைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பத்தில் கையெழுத்து என்று மகள் அபிநயாவிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். தாழ்ப்பாள், தண்ணீர், காவல் என்று கேள்விகளை எழுதிக்கொண்டு மகளைக் கீழே நிறுத்திவிட்டு மாணவிகளின் அறைக்குத் தனியாக மாடியேறினாள். ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு கைகளையும் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். முழங்கைவரை ஈர மருதாணி.

"என்னம்மா இது? தாழ்ப்பாளையெல்லாம் பாத்தியா?"

"எங்கடி பாக்க விட்டாளுங்க? 'உக்காருங்கக்கா'ன்னு இழுத்து உக்கார வச்சு, ஆளுக்கொரு கையா எடுத்துக்கிட்டாளுங்க. உங்கப்பா என்னை எப்படிப் பொண்ணு பாத்தாருன்னு வேற கேக்குறாளுங்க!"

அபிநயாவுக்கு அழுகை முட்டியது. "இப்ப எப்படிம்மா கையெழுத்துப் போடுவே?"

சுகந்தி வலது கையை நீட்டினாள். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் மட்டும் மருதாணி படாமல் வெறுமையாக இருந்தன.